‘டேங்க்’: ஒரு சொல்லும் மயிலையின் இரு நீர்நிலைகளும்

மயிலாப்பூர் வழியே செல்லும் மாநகரப் பேருந்துகளில், கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை ஒட்டிய நிறுத்தத்தை நடத்துநர்கள் ‘டேங்க்’ என்றே கூவி அறிவிப்பதைக் கேட்கலாம். ஏறுவோரும் இறங்குவோரும் அச்சொல்லை அந்நியச் சொல்லாகக் கருதுவதில்லை. தமிழ்நாட்டில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் இதுபோல் எல்லோர் நாவிலும் இடம்பிடித்தவை சிலவே. வீட்டு மாடியில் இருப்பது டேங்க். இரு சக்கர வண்டியில் பெட்ரோல் ஊற்றும் இடம் டேங்க். போர்க்களத்தில் ஊர்ந்து வருவதும் டேங்க். ஆனால், மயிலையைப் பொறுத்தவரை இச்சொல்லுக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் ‘மயிலாப்பூர் டேங்க்’ என்னும் ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு நீர்நிலைகளைச் சுட்டி நின்றது. ஒன்று கோயிலை அடுத்த குளம். மற்றொன்று மேற்கே பரந்து கிடந்த ஏரி. குளம் இன்றும் இருக்கிறது. ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகர் இருக்கிறது. ஒரு பெயர் கொண்ட இரண்டில் ஒன்று பிழைத்து, மற்றொன்று மறைந்தது ஏன் என்பதே நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படும் பொருள்.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியக் கரைகளில் காலூன்றிய நாள்களிலேயே, இச்சொல் அவர்தம் எழுத்துகளில் தலைகாட்டுகிறது. சூரத்தும் கூர்ச்சரக் கரையும் அவர்களது முதல் தங்குமிடங்கள். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர் சேமிக்கும் தொட்டியையும் நிலத்தடி நீர்க்கிடங்கையும் குறிக்க ‘டாங்கு’, ‘டாங்கே’ என்றாற்போன்ற சொற்கள் வழங்குகின்றன. அதே வேளையில், ஆங்கிலேயருக்கு முன்பே இக்கரைகளை அடைந்திருந்த போர்த்துக்கீசரிடம் ‘தான்கே’ என்றொரு சொல் இருந்தது. குளம், நீர்த்தொட்டி என்பன அதன் பொருள். ‘தடுத்து நிறுத்துதல்’ என்னும் பொருளுடைய ‘எஸ்தான்கார்’ என்ற வினையோடு அது உறவுடையது. ஆங்கிலேயர் இச்சொல்லை எவரிடமிருந்து பெற்றனர்? 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கில இந்தியச் சொல்லகராதியைத் தொகுத்த ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் இவ்விரு வழிகளையும் எடுத்து ஆராய்ந்துள்ளனர். பர்னல் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்தவர். தஞ்சையில் நீதிபதியாக அமர்ந்து வடமொழிச் சுவடிகளை ஆய்ந்தவர். இந்திய ஊற்று ஒன்றும் ஐரோப்பிய ஊற்று ஒன்றும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி வந்து கலந்ததே இச்சொல் என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இந்த இடத்தில் தமிழ்ப்பற்றுடைய வாசகர்க்கு ஓர் ஐயம் எழலாம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என வரும் ஊர்ப்பெயர்களில் ‘தாங்கல்’ என்பது சிறிய ஏரியைத்தானே குறிக்கிறது. ‘டேங்க்’ என்பது அதிலிருந்து பிறந்ததாகாதா? எண்ணத்துக்கு இனிய ஊகமே. எனினும் ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. மேலைக்கரைச் சொற்களில் நாமடித் ‘ட’கரமே முதலெழுத்தாக நிற்கிறது, ஆங்கிலேயர் முதலில் பழகிய கரையும் அதுவே. ஆகவே, தாங்கலை டேங்கின் தாயாக்குவதற்கு நாம் உடன்படுவதற்கில்லை. ஆனால், பிறப்பில் உறவில்லாவிடினும் கருத்தில் உறவிருப்பது வியப்புக்குரியது. தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிறுத்துவது. ஏந்தல் என்பது நீரை ஏந்தி வைத்திருப்பது. போர்த்துக்கீசச் சொல்லோ ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது. அரபியில் குளத்தைக் குறிக்கும் ‘பிர்கத்’ என்னும் சொல், ஒட்டகம் மண்டியிட்டு அமர்தலைக் குறிக்கும் ‘பரக்க’ என்னும் வேரோடு இயைந்தது. நீர் அவ்விடத்தே அமர்ந்து தங்கிவிடுவதால் அப்பெயர் பெற்றது என்பர் அரபு அகராதியாளர். பெருவெள்ளம் வடிந்தபின் தங்கிவிட்ட நீருக்கு ‘கதீர்’ என்று பெயர். ‘விட்டுச் செல்லப்பட்டது’ என்பது அதன் வேர்ப்பொருள். மழை அரிதான பாலையிலும் மழையை நம்பிய தமிழகத்திலும் மக்கள் ஒரே உண்மையைக் கண்டு பெயரிட்டுள்ளனர். நிற்காமல் ஓடிவிடும் நீரை நிற்கச் செய்வதே அவ்வுண்மை.

அரபி ‘அல்பிர்கத்’ ஸ்பானியத்தில் ‘அல்பெர்கா’ எனவும் போர்த்துக்கீசத்தில் ‘அல்வெர்கா’ எனவும் குடியேறிய செய்தியையும் இங்குக் குறிக்க வேண்டும். ஆக, முஸ்லிம் ஸ்பெயினின் நீர்ப்பாசன அறிவை அடைந்த அம்மொழியில் குளத்துக்கு அரபு வழிப் பெயர் ஒன்றும் இருந்தது. அதனை ஏந்தி வராமல் ‘தான்கே’யை ஏந்தி வந்தனர் சாந்தோமில் இறங்கிய போர்த்துக்கீசர். சொற்களின் பயணத்தில் இத்தகைய விபத்துகள் மிகுதி.

ஆங்கிலத்துள் சென்ற சொல் அங்கே வாளாவிருக்கவில்லை. எண்ணெய், நீர், வாயு என எதை அடைத்து வைக்கும் கலனுக்கும் அது பெயராயிற்று. முதல் உலகப் போரின்போது அதற்கு முற்றிலும் எதிர்பாராத ஒரு பொருள் வாய்த்தது. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையொன்றில் இரும்புக் கவசமிட்ட, பல்சக்கரப் பட்டையில் ஊர்ந்து செல்லும் போர் ஊர்தி உருவாக்கப்பட்டது. பகைவர் அறியாவண்ணம் அதன் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. மெசபொத்தேமியாவிலுள்ள படைகளுக்கு அனுப்பப்படும் நீர் வண்டி அது என்று தொழிலாளரிடம் கூறப்பட்டது. ‘நீர் சுமப்பான்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் கழிப்பறையைக் குறிக்கும் எழுத்துகளாகவே அமைந்துவிட்டமையால், அதைப் பற்றிய குழுவுக்கு அப்பெயரை இட அதிகாரிகள் நாணினராம், ‘டேங்க்’ நிலைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் களத்தில் அவ்வூர்தி முதன்முதலாகப் போரில் இறங்கியது. மெய்யாகவே நீருக்கும் உணவுக்கும் தவித்துக் கொண்டிருந்த படை அப்போது மெசபொத்தேமியாவில் இருந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை கூத் அல்அமாராவில் உதுமானியப் படையால் முற்றுகையிடப்பட்டுக் கிடந்தோரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. லிங்கனிலிருந்து அவர்களுக்கு நீர் வண்டி எதுவும் வரவில்லை.

இப்போர் ஊர்திக்கு அரபியர் ‘டேங்க்’ என்னும் சொல்லைக் கடன் வாங்கவில்லை, ‘தப்பாபா’ என்றனர். ஊர்ந்து செல்வது என்பது அதன் பொருள். அது புதிதாகப் புனைந்த சொல்லுமன்று. தோலாலும் மரத்தாலும் மூடப்பட்டு, உள்ளே வீரர்களை மறைத்துக் கோட்டைச் சுவரை நெருங்கும் முற்றுகைக் கருவிக்கு அது பழைய பெயர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் தாயிஃப் முற்றுகையில் தோழர்கள் அதனைப் பயன்படுத்திய செய்தியை ஸீரா ஆசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். பதின்மூன்று நூற்றாண்டுகள் உறங்கிய சொல்லை எழுப்பிப் புதுக் கருவிக்குச் சூட்டினர். தமிழிலோ நாளேடுகள் போர் ஊர்தியை ‘டாங்கி’ என்றும் நீர்க்கலனை ‘டேங்க்’ என்றும் எழுதி, ஒரே சொல்லை இரண்டாக்கி வேறுபடுத்திக் கொண்டன. இதுவும் ஒரு திறமையே. சென்னையை அடுத்த ஆவடியில் விஜயந்தாவும் அர்ஜுனும் வார்க்கப்பட்டபோது தமிழ்த் தொழிலாளர் நாவில் இரு பொருளும் ஒன்றாகவே புழங்கியிருக்கும். இலங்கைத் தமிழர் ‘நீர்த்தாங்கி’ என்று அழகாக எழுதுகின்றனர். கடன்சொல் போலவும் சொந்தச் சொல் போலவும் ஒருங்கே ஒலிக்கிறது அது.

பிற பொருள்களை விரைந்து கடப்போம். அறிஞர் குழாம் கூடிச் சிந்திக்கும் நிறுவனம் ‘திங்க் டேங்க்’. பங்குச் சந்தை சரிந்து வீழ்வதும் அமெரிக்க வழக்கில் ‘டேங்க்’ என்ற வினையே. கையற்ற மேலாடைக்கு ‘டேங்க் டாப்’ என்று பெயர் வந்தது, நீச்சல் குளத்தை அக்காலத்தில் டேங்க் என அழைத்ததனால். இவற்றால் நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

சென்னைக்குத் திரும்புவோம். தமிழர் தம் நீர்நிலைகளுக்கு எத்தனை பெயர்களை வைத்திருந்தனர்! கரையிட்டு மழைநீரைத் தேக்கி மதகு வழியே வயலுக்கு விடுவது ஏரி. அதையே பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். ஊரார் உண்ணும் நீருக்கெனக் காக்கப்படுவது ஊருணி. குளிக்கவும் வழிபடவும் படிக்கட்டு அமைத்தது குளம். கோயிற் குளத்தில் தெப்பம் விடப்படுமாயின் தெப்பக்குளம். கால்நடை இறங்கும் சிறு நீர்நிலை குட்டை. ஒவ்வொரு பெயரிலும் அந்நீர் யாருக்கு, எதற்கு என்பது அடங்கியிருந்தது. ஊருணியில் கால் கழுவலாகாது என்பதை எவரும் பலகை எழுதி மாட்ட வேண்டியதில்லை, பெயரே பலகை. ஆங்கிலேய அதிகாரிகள் இவை அனைத்தையும் ‘டேங்க்’ என்று ஒரே சொல்லில் எழுதினர். வயலுக்கு நீர் தருவது ‘பாசன டேங்க்’, கோயிலை ஒட்டியது ‘கோயில் டேங்க்’ என அடைமொழி சேர்த்துக் கொண்டனர் என்பது உண்மையே. ஆயினும் அடைமொழி உதிரக்கூடியது, பெயர்ச்சொல் உதிராது. தமிழ்நாட்டில் இன்றும் சுமார் 39,000 பாசன ஏரிகள் கணக்கில் உள்ளன. அரசின் ஆங்கிலக் கோப்புகளில் அவையாவும் ‘டேங்க்’ என்றே இருக்கின்றன.

அதற்காக அந்நியச் சொல் எல்லாம் அழிவு செய்யும் என்று எவரும் கொள்ளலாகாது. ஏரியைப் பேணும் பழைய ஏற்பாட்டுக்குக் ‘குடிமராமத்து’ என்று பெயர். ஊர்க் குடிகள் தாமே கூடிக் கரையை உயர்த்தி, வரத்துக்கால் தூர்வாரி, மதகைச் செப்பனிடுவது அது. இதில் குடி தமிழ், மராமத்து அரபு. ‘மரம்மத்’ என்பது ‘ரம்ம’ என்னும் அரபு வேரிலிருந்து பிறந்து, பாரசீகத்தின் வழியே வந்த சொல். பழுதுபார்த்தல் என்பது பொருள். தாலுகா, ஜில்லா, வசூல், மகசூல் முதலிய சொற்களோடு முஸ்லிம் ஆட்சியாளரின் நிர்வாகம் இந்நாட்டுக்குத் தந்தது அது. நம் உழவர் அதனைத் தம் சொல்லாகவே கொண்டு, தம் முன்னோர் வழக்கத்துக்குப் பெயராகச் சூட்டினர். 1858இல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி அவ்வழக்கத்தைச் சட்டத்தால் தாங்க முயன்றது. தானே செய்த ஊர், ஆணைக்குச் செய்ய மனமின்றி ஒதுங்கியது. 2017இல் தமிழக அரசு ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியபோது மீண்டும் குடிமராமத்து என்றே பெயரிட்டது. வந்த சொல் பொருளைக் கூட்டியதா, குறைத்ததா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். மராமத்து கூட்டியது. டேங்க் குறைத்தது என்பது நம் துணிபு. மயிலையின் ஏரியே அதற்குச் சான்று.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, அண்ணா சாலைக்கு மேற்கே, பிறைபோல் வளைந்து சுமார் 6 கிலோமீட்டர் நீண்டு கிடந்தது ஒரு நீர்ப்பரப்பு. அதன் வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி. தென்பகுதி மயிலாப்பூர் ஏரி. இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றனர். சென்னை நகரின் மேற்கு எல்லை அதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அதில் படகுப் போட்டி நடத்திக் களித்தனர். ஏரி என்ற சொல்லில் அதன் கீழுள்ள வயலும், வயலை உழும் குடியும், நீரைப் பங்கிடும் முறையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நகரம் விரிய விரிய வயல் மனையாயிற்று, குடி கலைந்தது, நீர்ப்பங்கீடு ஓய்ந்தது. எஞ்சியது ‘டேங்க்’. அதாவது, நீர் நிற்கும் வெற்றுப் பள்ளம். வீட்டுமனைக்குத் தவித்த நகரத்தார் கண்ணுக்கு அது வீணாய்க் கிடக்கும் நிலமாகவே தோன்றியதில் வியப்பில்லை.

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. நீதிக்கட்சி ஆட்சியில், 1923 முதல் ஏரி வற்றடிக்கப்பட்டு மாம்பலம் பகுதியில் புதுநகர் எழுந்தது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரை அது தாங்கியது. நடுவே பனகல் பூங்கா. சாலைகளுக்கு அக்கால ஆட்சியில் விளங்கியோர் பெயர்கள் இடப்பட்டன. அவர்களுள் நம்மவர் இருவர். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக அமர்ந்த சர் முஹம்மது உஸ்மான் பெயரால் உஸ்மான் சாலை. வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த சர் முஹம்மது ஹபீபுல்லாஹ் பெயரால் ஹபீபுல்லாஹ் சாலை. ஜவுளிக்கும் நகைக்கும் உஸ்மான் சாலையில் அலைமோதும் மக்களில் அவர் யாரென்று அறிந்தோர் மிகச் சிலரே. ஏரியை அறிந்தோர் அவரினும் சிலர். வடபகுதியில் எஞ்சியிருந்த நீர்ப்பரப்பும் 1970களில் தூர்க்கப்பட்டது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அவ்வேரிப் படுகையிலேயே நிற்கிறது. நீரின்றி உலகில்லை என உரைத்த பெரியாருக்கு ஏரியைத் தூர்த்துக் கோட்டம் எழுப்பியதை எவரும் முரணாகக் கருதவில்லை போலும். ‘டேங்க் பண்ட் சாலை’ நுங்கம்பாக்கத்திலும் ‘லேக் வியூ சாலை’ மேற்கு மாம்பலத்திலும் இன்றும் உள்ளன. கரையும் இல்லை, ஏரியும் இல்லை, பெயர்ப்பலகை உண்டு. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெருமழையின்போது தியாகராய நகர்த் தெருக்களில் நீர் புகுந்து நின்றது. பள்ளத்தை நாடுவது நீரின் இயல்பு. ஆவணத்திலிருந்து ஏரியை நீக்கலாம். நிலத்தின் சரிவிலிருந்து நீக்க இயலாது.

இனி, பிழைத்திருக்கும் மற்றைய ‘டேங்க்’. மயிலையின் பழைய கோயில் கடற்கரையருகே இருந்ததென்றும், இப்போதுள்ள கோயில் போர்த்துக்கீசர் வருகைக்குப் பின்னர் எழுந்ததென்றும் ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். அதன் மேற்புறத்துத் தெப்பக்குளத்துக்குரிய நிலம் ஆற்காடு நவாப் ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் வழங்கியது என்பது தொன்றுதொட்டு வரும் செய்தி. இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழும் ஆற்காடு இளவரசர் குடும்பத்தாரும் இதைத் தம் குல மரபாகக் கூறி வருகின்றனர். மயிலை வரலாற்றை எழுதிய இந்து எழுத்தாளர் பலரும் மறுப்பின்றி ஏற்றுள்ளனர். கொடுத்தவர் தரப்பும் பெற்றவர் தரப்பும் ஒருசேர ஒப்பும் மரபு எளிதில் தள்ளத்தக்கதன்று. நவாப் வாலாஜா முஹம்மது அலியின் கால நாகரிகத்தை அறிந்தோர்க்கு இது புதுமையுமன்று. அவர் திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டி முடித்த பெரிய பள்ளிவாசலின் ஆண்டைக் குறிக்கும் பாரசீகத் தொடரை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். ‘திக்ருல்லாஹி அக்பர்’ என்னும் அத்தொடரின் எழுத்துகளை அப்ஜத் முறைப்படி கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். ஐயமுடையோர் கூட்டிப் பார்க்கலாம். திக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223.

நிலம் தந்ததற்கு அடையாளமாக ஒரு வழக்கமும் நிலவியது. முஹர்ரம் நாளில் பஞ்சா எடுத்துவரும் முஸ்லிம்கள் அக்குளத்து நீரில் இறங்கலாம் என்பது அது. பஞ்சா எடுத்தல் மார்க்கத்தின்பாற்பட்டதன்று என்பதே ஸுன்னத் வல் ஜமாஅத் உலமாக்களின் நிலை. நம் நிலையும் அதுவே. ஆயினும் வரலாறு வேறு, ஃபத்வா வேறு. நாம் விலக்கிய வழக்கம் ஒன்றே அக்குளத்தில் நம் முன்னோர்க்கிருந்த பங்குக்குச் சாட்சியாய் நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. தை மாதத்தில் மூன்று நாள் தெப்பம் மிதக்கும் அதே நீரில், ஆண்டுக்கொருமுறை ‘அல்லாப் பண்டிகை’யின் ஊர்வலமும் வந்து கரைந்தது. நீர் மக்கள் யாவருக்கும் பொது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை நூல்களில் கற்கும் நமக்கு, மயிலை மக்கள் அதை நூல் கற்காமலே நடத்திக் காட்டியது இனிய செய்தி.

ஏரி அழிந்ததும் குளம் நிலைத்ததும் ஏன் என்ற வினாவுக்கு விடை இவ்விடத்தில் கிடைக்கிறது. ஏட்டில் இரண்டும் டேங்க். ஆனால், மக்கள் நாவில் ஒன்று குளமாகவே நீடித்தது. படியில் அமர்வோர், தெப்பம் காண்போர், பஞ்சா எடுத்தோர், நிலம் தந்த குடும்பத்தார் எனப் பலர் அதற்கு உரியோராய் இருந்தனர். அதைத் தூர்ப்போம் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் நா எழாது. ஏரிக்கு உரியோர் உழவர் மட்டுமே. அவர் அகன்றதும் அது அனாதையாயிற்று. குளங்களெல்லாம் தப்பின என்பதன்று நம் வாதம். எழும்பூரை அடுத்த ‘ஸ்பர் டேங்க் சாலை’யில் இன்று ஸ்பர் டேங்க் இல்லை. பெயரைச் சொல்லி உரிமை கோர எவரும் இல்லாத நீர்நிலை, குளமாயினும் ஏரியாயினும், நிலமாகவே முடிந்தது.

நம் பள்ளிவாசல்களின் பக்கம் பார்வையைத் திருப்பினால் நிலை மகிழ்ச்சி தருவதாயில்லை. ஒளூச் செய்யும் நீர்த்தடாகத்துக்கு ‘ஹவ்ழ்’ என்பது அரபுப் பெயர். தமிழ் முஸ்லிம்கள் ‘ஹவுளு’ என்பர், உருது பேசுவோர் ‘ஹவுஜ்’ என்பர். ஹனஃபி மத்ஹபில் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் உடைய தடாகம் பெருநீராகக் கணக்கிடப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் இரு ‘குல்லத்’, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், அளவுகோல். தேங்கிய நீர் எது, ஓடும் நீர் எது, எந்நீர் எதனால் மாசுறும் என்று நம் ஃபுகஹாக்கள் அதிகாரங்கள் வகுத்து ஆய்ந்தது நீருக்கும் பயனுக்கும் உள்ள பிணைப்பை அறிந்ததனாலேயே. அப்பாஸிய அரசி ஸுபைதா, கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் நெடுவழியில் ஹாஜிகளுக்காகத் தடாகங்கள் அமைத்ததும் அவ்வறிவின் விளைவே. இன்று ஊர் தோறும் பழைய ஹவுளு தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் வரிசையாகக் குழாய்களும், மாடியில் கறுப்பு நிறத்தில் ‘சின்டெக்ஸ் டேங்க்’கும் அமைக்கப்படுகின்றன. வசதி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சுத்தமும் கூடுதல் என்பர். ஆனால், மழை பெய்தால் நிறைவதும், நோன்பு மாதத்து மாலையில் முதியவரும் சிறுவரும் விளிம்பில் அருகருகே அமர்வதும் ஹவுளுவில்தான் நிகழும். குழாய் ஒருவருக்கு ஒன்று.

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் முன்புறத்தே விரிந்த தடாகத்தின் விளிம்பில் அமர்ந்து ஒளூச் செய்யும் வழக்கம் தொடர்கிறது. அங்கு வரும் மாணவர்களிடம் அதன் பெயரைக் கேட்டால், ‘டேங்க்’ என்று விடை சொல்வோர் ஆண்டுக்கு ஆண்டு மிகுந்து வருகின்றனர்.